அடுக்ககப் பொங்கல் மலர்: தமிழை எதில் தட்டுவது? பழைய கோப்புகளை என்ன செய்வது?

#1 அல்சூர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு சின்ன மலர் போடுகிறோம். "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறியே" என்று தொகுப்பு வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்காதவன் யார் என்று கேட்க வாய் வரவில்லை.

வந்து சேர்ந்தவற்றைச் சொல்கிறேன். பாதி வாட்ஸப்பில் வந்தது, அது பரவாயில்லை. மூன்றாவது மாடி ஐயா அனுப்பிய வேர்டு கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளம். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991லிருந்து 2009 வரை மூடியே கிடந்த கதையை ஒருவர் அருமையாக எழுதியிருக்கிறார், ஆனால் பிடிஎஃப். அதிலிருந்து நகலெடுத்தால் கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால் வந்து தனியாக நிற்கிறது. மிச்சமெல்லாம் கையெழுத்துப் பக்கங்களின் போட்டோ. நான்தான் தட்டச்ச வேண்டும்.

நான் இதுவரை போனில் ஆங்கில எழுத்தால் தட்டி, அதை எனக்கே மெயில் அனுப்பி ஒட்டிக்கொண்டிருந்தேன். நான்கு வரிக்குச் சரி, நாற்பது பக்கத்துக்கு ஆகாது. அலுவலக லேப்டாப் விண்டோஸ். அதில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். வீட்டில் மேக் இருக்கிறது. எந்த முறையைப் பழகலாம்?

#2 மூணு பைட்டு

எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸ் 10க்கு 2019 மே மாதம் வந்த அப்டேட்டிலிருந்து தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, ஆங்கில எழுத்தின் ஒலியால் தட்டும் ஃபோனெட்டிக்கும் இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதற்குள் கீபோர்டு சேர்க்கும் இடத்தில் தமிழ்99ஐத் தேர்ந்தெடுங்கள். சும்மா "தமிழ்" என்று மட்டும் போட்டிருப்பது இன்ஸ்கிரிப்ட், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான வேறொரு பலகை. பல பேர் அதைச் சேர்த்துவிட்டு, தட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் "விண்டோஸில் தமிழ் சரியில்லை" என்று ஓடிவிடுகிறார்கள். மொழி மாற்ற விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ்.

மேக்கில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் பல வருடமாக உள்ளேயே வருகின்றன. அஞ்சல் என்பது ஆங்கில எழுத்தால் தமிழைத் தட்டும் முறை, முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறனுடையது. கீபோர்டு செட்டிங்கில் இன்புட் சோர்ஸ் என்ற இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

நாற்பது பக்கம் என்றால் என் ஓட்டு தமிழ்99க்கு. முதல் வாரம் என்னைத் திட்டுவீர்கள். அப்புறம் திட்டமாட்டீர்கள்.

#3 பழைய ரெமிங்டன்

தம்பி, மூன்றாவது மாடி ஐயாவின் கோப்பைக் கூளம் என்று சொல்லிவிட்டீர்கள். அவர் கணினியில் அது முத்து முத்தான தமிழாகத்தான் தெரியும். அவரிடம் எந்த எழுத்துரு என்று கேளுங்கள்.

நான் தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேர்வு தேறியவன். தாளைச் சொருகி, கை பார்க்காமல் அடித்த காலம். என் விரலுக்குத் தெரிந்ததெல்லாம் டைப்ரைட்டர் விசைப்பலகைதான். பெங்களூருக்கு மகன் வீட்டுக்கு வந்தபிறகும் அதில்தான் அடிக்கிறேன். என்ஹெச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் முறை இருக்கிறது. 99தான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறீர்கள், எனக்கு அதில் மூளை வேலை செய்கிறது, விரல் வேலை செய்யவில்லை. கொம்பை முதலில் போட்டுவிட்டு ககரத்தை அடித்தால்தான் எனக்குக் "கெ" அடித்த திருப்தி.

#4 மூணு பைட்டு

ஐயா, உங்கள் விரல் செய்வதுதான் அல்சூர்வாசியின் பிடிஎஃப் சிக்கலும். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

டைப்ரைட்டரில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்கிறோம். கொம்பு இடப்பக்கம் இருக்கிறது, அதனால் அது முதலில். இன்று கணினிகளெல்லாம் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யூனிகோடு அப்படி இல்லை. வாயில் வருகிற வரிசை. முதலில் ககரம், அப்புறம் எகரக் குறி. திரையில் கொம்பை இடப்பக்கம் தள்ளி வைப்பது எழுத்துருவும் அதை இயக்கும் நிரலும் செய்கிற வேலை. "கொ" என்றால் ககரத்தின் இரண்டு பக்கமும் துண்டு வருகிறதே, அதுவும் உள்ளே ககரம், ஒகரக் குறி என்ற இரண்டு குறியீடுதான்.

பிடிஎஃப் என்பது அச்சுக்கான கோப்பு. எந்த வடிவம் தாளில் எங்கே உட்காருகிறது என்பதுதான் அதற்கு முக்கியம். அதனால் நகலெடுக்கும்போது வடிவங்கள் இடமிருந்து வலமாகக் கொட்டுகின்றன. கொம்பு, பகரம், கால். ஒட்டினால் "ெபாங்கல்" என்று வருகிறது. முடிந்தால் எழுதியவரிடமே வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பிடிஎஃபைத் திருத்த உட்கார்ந்தால் பொங்கல் போய் சித்திரை வந்துவிடும்.

#5 டிடிபிகாரன்

சிவாஜிநகரில் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, கோயில் நோட்டீஸ் என்று தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஓடும். மூன்றாவது மாடி ஐயாக்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள், அதனால் இதை விவரமாகவே சொல்கிறேன்.

அந்தக் கோப்பை வேர்டில் திறந்து கூளத்தின் நடுவில் சுட்டியை வையுங்கள். மேலே எழுத்துருவின் பெயர் வரும், அதுதான் துப்பு. பாமினி என்று இருக்கலாம். தமிழ்நாட்டு அலுவலகக் கோப்பு என்றால் பெரும்பாலும் வானவில் அவ்வையார். பெயருக்கு முன்னால் டாப் அல்லது டாம் என்று இருந்தால் 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த குறியீடு. டிஎஸ்சி என்று தொடங்கினால் திஸ்கி, அதே காலத்தில் இணையத் தமிழர்கள் தாங்களே கூடிப் பேசி வகுத்துக்கொண்டது. இவை எல்லாமே ஆங்கில எழுத்தின் அல்லது அதற்கு அடுத்துள்ள குறியீட்டின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கூளம். எதுவென்று தெரிந்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்றுவது எளிது, என்ஹெச்எம் கன்வர்ட்டர் போல மாற்றிகள் இலவசமாகவே நிறைய இருக்கின்றன.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பாமினிக் கோப்புக்குள் நடுநடுவே ஆங்கிலமும் இருக்கும். மின்னஞ்சல் முகவரி, கம்பெனிப் பெயர். பாமினிக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ளே ஒரே குறியீடு, எழுத்துரு மட்டும்தான் பிரித்துக் காட்டுகிறது. நீங்கள் மொத்தத்தையும் அள்ளி மாற்றியில் போட்டால் அந்தப் பிரிப்பு போய்விடும். மின்னஞ்சல் முகவரியும் தமிழாக மாறி வாயில் நுழையாத ஏதோவொன்றாகப் பிறக்கும். அதனால் முதலில் ஆங்கிலத் துண்டுகளை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் நட்சத்திரக்குறி போட்டுவிட்டு, அப்புறம் மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாற்றிய பிறகு மூலத்தை அழித்துவிடாதீர்கள். மாற்றிகள் துணைக்கால் வரும் இடத்தில் ரகரத்தையும், ரகரம் வரும் இடத்தில் துணைக்காலையும் போட்டுவிடும். மூலத்திலேயே அப்படி அடித்திருப்பார்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

#6 சும்மா வந்தவன்

எதற்கு இவ்வளவு பாடு? பேசினால் தட்டச்சிவிடுகிறது. கூகுள் 2017லேயே தமிழ்க் குரலுக்கு வழி செய்துவிட்டது. கையெழுத்துப் பக்கத்தைப் பார்த்து வாசியுங்கள், வேலை முடிந்தது. 1999 கீபோர்டை இன்னுமா பழகுவார்கள்?

#7 அல்சூர்வாசி

@டிடிபிகாரன் பாமினியேதான். ஆங்கிலத்தை எடுத்து வைத்துவிட்டு மாற்றினேன், ஒரு சிராய்ப்பு இல்லாமல் வந்துவிட்டது. ரொம்ப நன்றி. ஐயாவுக்கு யூனிகோடில் அனுப்பிக் காட்டினேன். "என்ன, எழுத்து மெலிஞ்சிருக்கு" என்றார், அவ்வளவுதான்.

@சும்மா வந்தவன் பேசியும் பார்த்தேன். கதை, கட்டுரை ஓரளவுக்கு வருகிறது. ஒரு பாட்டி எழுதிய சமையல் குறிப்பு இருக்கிறது. அவர் பிறந்து வளர்ந்ததே ஸ்ரீராமபுரம், அவருடைய தமிழில் பாதி கன்னடம். "சொப்பு", "ஹுளி", "ஒக்கரணை" எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று பேத்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குரலில் சொன்னால் அது தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லாக மாற்றிப் போட்டுக்கொள்கிறது. நிறுத்தற்குறியும் கையால்தான் போட வேண்டியிருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு "உப்பு தேவையான அளவு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பது தனி விஷயம்.

#8 சாரல் அம்மா

ஒயிட்ஃபீல்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில் இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றியது.

என் மகன் பள்ளியில் கன்னடமும் இந்தியும் படிக்கிறான். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தேன், 247 என்றதும் மிரண்டுவிட்டான். அவன் அப்பா லேப்டாப்பில் தமிழ்99ஐப் போட்டுக் கொடுத்தார். இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் மெய். மகரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் "மா". இகரத்தைத் தட்டினால் "மி". அவ்வளவுதானா என்று கேட்டான். பன்னிரண்டும் பதினெட்டும் தெரிந்தால் மிச்சத்தை அவனே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று பிடிபட்டுவிட்டது. இப்போது பஸ் போர்டில் இல்லாத தமிழைத் தேடித் தேடி வாசிக்கிறான், அல்சூர் பக்கம் போனால்தான் கிடைக்கிறது.

ஆங்கில எழுத்தால் தட்டியிருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அதில் அவன் பார்ப்பது ஆங்கிலம், தமிழ் கடைசியில் வந்து விழுகிறது.

#9 கன்னடத்து மருமகள்

நான் தமிழ், புகுந்த வீடு கன்னடம், அலுவலகத்தில் நாள் முழுக்கக் கன்னடத் தட்டச்சு. அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

கன்னடத்தில் கே.பி. ராவ் வகுத்த விசைப்பலகைதான் அரசு ஏற்றது. கன்னட கணக பரிஷத்தின் நுடி மென்பொருளில் அதுதான். ஆங்கில எழுத்தின் ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னட எழுத்து அந்தந்தப் பொத்தானில் இருக்கும், அதனால் ஒரு மாலையில் பழகிவிடலாம். மகாப்பிராணத்துக்கு, அதாவது மூச்சை அழுத்திச் சொல்லும் எழுத்துகளுக்கு, ஷிஃப்ட். "க"வுக்கு ஒன்று, அழுத்திச் சொல்லும் "க்ஹ"வுக்கு வேறு வடிவம் என்று அங்கே எழுத்து அதிகம், ஷிஃப்ட் இல்லாமல் முடியாது.

தமிழில் மெய் பதினெட்டுதான். ஷிஃப்ட்டைத் தொடாமலே உயிரும் மெய்யும் முழுதும் ஒரு பலகையில் அடங்கிவிடுகின்றன, கிரந்தம், ஆய்தம் போன்றவற்றுக்குத்தான் ஷிஃப்ட். கன்னடத்தில் தட்டிவிட்டுத் தமிழ்99க்கு வந்தால் சுண்டுவிரலுக்கு ஓய்வு கிடைத்தது போல இருக்கும்.

பழைய கோப்புச் சிக்கலில் மட்டும் இரண்டு மொழியும் சொந்தக்காரர்கள். பழைய நுடி எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது எங்கள் அலுவலகத்தில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

#10 ஒற்றைவரி

பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் மலர் போடுவதற்குப் பதில் முதலில் கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள்.

#11 மட்டுறுத்துநர்

மொழிச் சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன, போதுமான அளவுக்கு. இங்கே தட்டச்சு மட்டும். மேலே உள்ளதற்கு வந்த ஏழு பதில்களையும் நீக்கிவிட்டேன்.

#12 கன்னடத்து மருமகள்

நீக்கியதில் ஒன்று என்னுடையது, பரவாயில்லை. மலரில் இரண்டு பக்கம் கன்னடத்துக்கும் ஒதுக்குங்கள் @அல்சூர்வாசி. பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுதட்டும். தட்டச்ச நான் இருக்கிறேன்.

#13 மூணு பைட்டு

தமிழ்99ஐப் பற்றி "பழகுங்கள், பழகுங்கள்" என்று சொல்கிறோமே தவிர, எப்படி என்று யாரும் சொல்லவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த விசைப்பலகை இது, பெயரும் அங்கிருந்துதான். அதன் அழகு புள்ளியில் இருக்கிறது.

"அம்மா" என்று அடிக்க வேண்டும். ஆங்கிலப் பொத்தான் பெயரில் சொன்னால் ஏ, கே, கே, க்யூ. நான்கே தட்டு. அ, ம, ம, ஆ. புள்ளியை நான் போடவில்லை. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குத் தானே புள்ளி விழும். "தங்கம்" என்றால் எல், பி, எச், கே, எஃப். ஙகரத்துக்குப் பின் ககரம் வந்ததும் அங்கேயும் தானாகப் புள்ளி. ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற எல்லாம் இப்படியே. எஃப் மட்டும் நாமாகப் போடும் புள்ளி, சொல்லின் கடைசியில் பெரும்பாலும் வரும்.

அப்படியானால் "வவ்வால்" எப்படி என்று கேட்பார்கள், முதல் இரண்டு வகரத்துக்கு நடுவில் புள்ளி வந்துவிடுமே? முதல் வகரத்துக்குப் பின் அகரத்தை ஒரு தட்டு தட்டினால் போதும். வ, அ, வ, வ, ஆ, ல, புள்ளி. இலக்கணப்படியும் அதுதானே, வ் என்பதோடு அ.

"கொழுக்கட்டை"யை எண்ணிப் பாருங்கள். தமிழ்99இல் ஒன்பது தட்டு. அஞ்சலில் பதினொன்று. ஊகித்துத் தரும் ஆங்கில எழுத்து முறையில் பன்னிரண்டு, அதன்பிறகு பட்டியலிலிருந்து தேர்வு செய்யும் வேலை வேறு. வேகம் எனக்கு இரண்டாம் பட்சம். அந்தப் பட்டியல்தான் என் பிரச்சினை. ஒவ்வொரு சொல்லுக்கும் கண் அங்கே போய்ப் போய் வருகிறது. "கறி" கேட்டால் "கரி" வந்திருக்கிறதா என்று காவல் காக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதுகிறீர்களா, பிழை பார்க்கிறீர்களா?

#14 சும்மா வந்தவன்

அஞ்சலில் அந்தக் காவல் வேலை இல்லையே. நான் அடிப்பது அதுதான். பெரிய எல் என்றால் ள, இசட் என்றால் ழ, பெரிய ஆர் என்றால் ற, பெரிய என் என்றால் ண. ஊகம் ஒன்றும் இல்லை, எது அடித்தேனோ அதுதான் வரும். நீங்கள் ஊகிக்கும் முறையையும் அஞ்சலையும் ஒரே மூட்டையில் கட்டி அடிக்கிறீர்கள்.

இன்னொன்று. நான் நாள் முழுக்க நிரல் எழுதுகிறவன். ஆங்கிலப் பலகை என் விரலில் ஊறிவிட்டது. இரண்டு பலகையை விரலில் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மாறுவது எனக்குச் சரிப்படவில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் தமிழ் எழுதுகிறவனுக்கு அஞ்சலே போதும் என்பது என் கட்சி. நாற்பது பக்கக்காரருக்கு வேண்டுமானால் 99.

#15 பழைய ரெமிங்டன்

சும்மா வந்தவர் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. விரலில் ஊறியதை விடச் சொல்லக்கூடாது. என்னையும் விடச் சொல்லாதீர்கள்.

எனக்கு ஒரு ஐயம். என் பழைய தாள்களில் "னை", "லை" எல்லாம் துதிக்கையோடு இருக்கும், 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். அதை யூனிகோடில் அடிக்க முடியாதா?

#16 மூணு பைட்டு

அடிப்பது ஒன்றேதான் ஐயா. னகரம், ஐகாரக் குறி. அதைத் துதிக்கையோடு வரைவதா, இரட்டைக் கொம்பாக வரைவதா என்பது எழுத்துருவின் பாடு. பழைய வடிவம் வரைந்த எழுத்துருவைப் போட்டால் அதே கோப்பு பழைய வடிவத்தில் தெரியும். தேடினால் இரண்டிலும் கிடைக்கும்.

#17 டிடிபிகாரன்

எழுத்துரு என்றதும் நினைவுக்கு வந்தது. மலரில் கட்டுரைகளின் உள்ளெழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக உட்காரும். தலைப்புக்கு முக்த மலர், பலூ தம்பி. எல்லாம் இலவசம்.

அப்புறம் ஃப்ளெக்ஸ். இதை அடித்துச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு சங்கத்துக்கு வேறு ஒரு கடையில் அடித்த பேனரை எங்கள் தெரு முனையில் கட்டினார்கள். ஆறடி அகலம். "பொங்கல்" என்பதில் கொம்பு பகரத்தைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. பின்னாலேயே காலும். "நல்வாழ்த்துகள்" மட்டும் கொம்பு இல்லாத சொல் என்பதால் தப்பித்தது. பண்டிகை முடியும்வரை அது அங்கேயே தொங்கியது.

மூணு பைட்டு சொன்னாரே, உள்ளே பகரம் முதலில் என்று. படம் வடிவமைக்கும் மென்பொருளில் இந்திய எழுத்துக்கான அமைப்பை முடுக்காமல் விட்டால், அது உள்ளே இருக்கும் வரிசையிலேயே வைத்துவிடும். அதனால் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். கொம்பு முன்னால் தனியாக நின்றால் அது பிடிஎஃபிலிருந்து எடுத்தது. பின்னால் நின்றால் மென்பொருளில் அமைப்பு சரியில்லை. பார்த்ததும் எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும்.

பழைய பதிப்பு ஃபோட்டோஷாப் என்றால் ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய எழுத்துக்கான தேர்வை வையுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போஸர். கடைக்காரர் தெரியாது என்றால் நீங்களே படமாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். எழுத்தாகக் கொடுத்தால்தானே கெடுப்பார்.

#18 அல்சூர்வாசி

தமிழ்99இல் உட்கார்ந்துவிட்டேன். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது. கொழுக்கட்டையை எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான்.

இப்போது இரண்டு புதுத் தலைவலி. பொருளடக்கத்தை அகரவரிசைப்படுத்த ஒரு சின்ன நிரல் எழுதினேன். "மனம்" என்று தொடங்கும் கட்டுரை "மயில்" கட்டுரைக்கு முன்னால் வந்துவிட்டது. இரண்டாவது, ஔவையாரைப் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், கோப்பில் தேடினால் ஒருவருடையதில் மட்டும்தான் ஔவையார் கிடைக்கிறார்.

#19 மூணு பைட்டு

வரிசை முதலில். யூனிகோடு அட்டவணை இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த இஸ்கி அடுக்கை ஒட்டியது. அதில் நகரத்துக்கு அடுத்து னகரம், ரகரத்துக்கு அடுத்து றகரம் என்று ஒலியில் நெருங்கியவற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் மனம் முந்தத்தான் செய்யும். தமிழ் வரிசை தெரிந்த கருவியைக் கொண்டு அடுக்குங்கள். லிப்ரே ஆஃபிஸில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்கலாம். நிரல்தான் வேண்டும் என்றால் மொழிக்கேற்ப வரிசைப்படுத்தத் தெரிந்த ஐசியு என்ற நிரல் நூலகம் இருக்கிறது.

ஔவையாருக்கு வருவோம். மற்ற இருவரும் ஔகாரத்தை அடிக்கவில்லை. ஒகரத்தை அடித்து ளகரத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒன்று, உள்ளே வேறு. அதற்காக மொத்தக் கோப்பிலும் ஒகர ளகரத்தை ஔகாரமாக மாற்றச் சொல்லிவிடாதீர்கள். "ஒளி" வரும் இடமெல்லாம் நாசமாகும். "ஒளவை" என்று வகரத்தோடு சேர்த்துத் தேடி மாற்றுங்கள். "கெளரி" மாதிரிப் பெயர்களும் அப்படியே, முழுச்சொல்லாக எடுங்கள். இல்லாவிட்டால் "தெளிவு" கெடும்.

#20 கன்னடத்து மருமகள்

ஸ்ரீராமபுரத்துப் பாட்டியையும் பாருங்கள். "ஸ்ரீ"யைச் சில பலகைகள் ஸகரத்தில் தொடங்குகின்றன, சில ஶகரத்தில். அந்த ஶகரம் யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது, அதற்கு முன் எழுதியதெல்லாம் ஸகரம்தான். திரையில் வித்தியாசமே தெரியாது. ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள்.

#21 சாரல் அம்மா

மலர் வெளியீட்டுக்கு எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்புவீர்கள் அல்லவா? எங்கள் குடியிருப்பில் தமிழில் அனுப்பியபோது ஒரு அழைப்புக்கு மூன்று மெசேஜ் காசு பிடித்துக்கொண்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

#22 மூணு பைட்டு

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்சுக்கு 160 எழுத்து. தமிழ் கலந்துவிட்டால் யூனிகோடுக்கு மாறும், அப்போது 70தான். நீளமாகி இரண்டு மூன்றாகப் பிரிந்தால் ஒன்றுக்கு 67. அதிலும் புள்ளியும் குறியும் தனித்தனிக் கணக்கு. "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. வணக்கத்திலேயே பத்தில் ஒரு பங்கு போச்சு. நேரமும் இடமும் மட்டும் எஸ்எம்எஸ்ஸில், மிச்சம் வாட்ஸப்பில்.

#23 அல்சூர்வாசி

மனம் கடைசிக்குப் போய்விட்டது. ஔவையார் மூன்று கட்டுரையிலும் கிடைக்கிறார். கன்னடத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கிவிட்டோம், @கன்னடத்து மருமகள் உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் கீபோர்டில் ஒட்டத் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் கிடைக்குமா? ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் பழகும் என்று மனைவி சொல்கிறாள்.

#24 பழைய ரெமிங்டன்

ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே போகும், கடைசிவரை பார்த்துத்தான் அடிப்பீர்கள். எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் பலகையின் மேல் துணியைப் போட்டு மூடி அடிக்க வைத்தார்கள். படத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

#25 டிடிபிகாரன்

அதோடு அங்கே கடைகளில் "தமிழ் ஸ்டிக்கர்" என்று பொதுவாகக் கேட்டால் எந்தப் பலகையினுடையதோ கையில் தருவார்கள். வாங்கினால் எச் பொத்தானில் ககரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால் அது 99.

#26 அல்சூர்வாசி

தாளே அச்சிட்டுக்கொள்கிறேன். துணி வேண்டாம் ஐயா, இப்போதைக்கு.